சால்னா வழக்கும் நன்னடத்தையும்

அருள்பாண்டிக்குப் பெண் பார்க்கிறார்கள் என்ற செய்தியைப் பிள்ளைப்பாக்கத்தில் முதன்முதலில் கிளப்பிவிட்டது அருள்பாண்டியேதான். அதில் எள்ளளவும் உண்மை இல்லை என்பது அவனுக்கும் அறைத்தோழன் அந்தோணிராஜுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

திட்டம் போட்டுச் சொன்ன பொய் அல்ல. காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, வீட்டுக்கார அம்மாள் கனகம் கேட்டுக்கு அருகே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, என்னைப் பத்தி விசாரிக்க யாராச்சும் வந்தா கொஞ்சம் நல்லவிதமா சொல்லுங்க" என்றான். சொன்ன கையோடு ஓடியிருந்தால் பிழைத்திருப்பான். மரியாதைக்காக ஒரு நிமிடம் நின்றான்.

"யாரு வர்றாங்க?"

"ஒருத்தங்க வருவாங்க."

"ஒருத்தங்கன்னா இன்னா? போலீசா? இத பாரு தம்பி, பேச்சிலருக்கு வூடு வுடறப்பவே சொல்லிகீறேன். போலீசு இந்த கேட்டத் தாண்டி உள்ள வந்துச்சுன்னா, அன்னிக்கே மூட்ட முடிச்ச தூக்கிகினு கெளம்பிடணும்."

போலீஸ் என்று காதில் விழுந்தாலே அருள்பாண்டிக்கு மூளை நின்றுவிடும், வாய் மட்டும் தனியாக ஓடும். அன்றும் ஓடியது.

"சேச்சே, பொண்ணு வீட்டுக்காரங்கக்கா."

கனகம் கையிலிருந்த ஈரத்துணியை அப்படியே வாளியில் போட்டாள். பெற்ற மகனுக்கே வரன் வந்த மாதிரி அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நீ போ. வர்றவங்கள நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

விஷயம் இதுதான். மூன்று மாதம் முன்பு ஒரகடம் கூட்ரோடு அருகே ஒரு பரோட்டா கடையில், அருள்பாண்டி சால்னா கேட்டான். கொடுத்தார்கள். மறுபடி கேட்டான். கொடுத்தார்கள். மறுபடியும் கேட்டபோது பக்கத்து மேசைக்காரர், "தம்பி சால்னால குளிக்கப் போறாப்ல" என்றார். தெற்கே களக்காடு அவனுக்கு ஊர். களக்காட்டுக்காரனுக்குப் பசியோடு இருக்கும்போது கிண்டல் ஏறாது. சால்னா வாளியைத் தூக்கினான். தூக்கியது மிரட்டத்தான். வாளி வழுக்கிப் போனது கைப்பிடியின் குற்றம். பக்கத்து மேசைக்காரர் தலையில் தையல், சட்டையில் சால்னா, அருள்பாண்டியின் மேல் வழக்கு.

கோர்ட்டில் அவன் எதையும் மறுக்கவில்லை. வக்கீல் ராஜசேகர் எழுந்து, முதல் தப்பு, சின்னக் காயம், பையனுக்கு நிலையான வேலை இருக்கிறது, நிலையான இருப்பிடம் இருக்கிறது என்று அடுக்கினார். மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்து, சிறைக்கு அனுப்பாமல், ஒரு வருடம் ஒழுங்காக இருப்பதாகப் பத்திரம் எழுதி வாங்கி, நன்னடத்தை அலுவலர் ஒருவரின் கண்காணிப்பில் விட்டார்.

வெளியே வந்ததும் ராஜசேகர் தெளிவாகச் சொன்னார். "அலுவலர் நீ தங்கியிருக்கிற இடத்துக்கே வருவாங்க. அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்க. அவங்ககிட்ட பொய் சொல்லிடாத. ரிப்போர்ட் தப்பா போச்சுன்னா மறுபடி கூண்டுல ஏறணும், அப்ப தண்டனை நிச்சயம். இன்னொன்னு, வேலையும் வீடும் இருக்குன்னு சொல்லித்தான் உன்னைக் காப்பாத்தியிருக்கேன். ரெண்டையும் காபந்து பண்ணிக்க."

வீட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கனகத்துக்கு வழக்கு தெரியக் கூடாது. வேலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கம்பெனிக்குத் தெரியக் கூடாது. அலுவலரிடம் மட்டும் எல்லா உண்மையையும் சொல்ல வேண்டும். கார் கம்பெனியில் பம்பர் லைனில் நட்டு முடுக்கும் பிள்ளைக்கு இது தாங்குமா?

அந்தோணிராஜ் தூத்துக்குடிக்காரன். உலகத்தில் அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை, எல்லாவற்றையும் செல்போன் வீடியோவில் பார்த்துவிடுவான். அன்று மாலை அவன் புதிதாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"எலேய், நீ ஃபீஸ் கட்டிட்டியா?"

"என்ன ஃபீஸ்?"

"கண்காணிப்பு ஃபீஸ். அமெரிக்கால இப்படி விட்டவனுவ எல்லாம் மாசாமாசம் அந்த ஆபீசருக்குன்னு கட்டணும்லே. கட்டலன்னா மறுபடி உள்ளதான். வீடியோல ஒருத்தன் அழுதுக்கிட்டே சொல்லுதான்."

"அது அமெரிக்கால."

"நம்மூர்ல சட்டத்துல இல்லாட்டியும் பழக்கத்துல இருக்கும். நீ கேக்காமயே குடுத்துரணும். அதுதான் மரியாதை."

"கவர்ல வச்சுக் குடுத்தா லஞ்சம்னு சொல்லிட்டா?"

அந்தோணிராஜ் யோசித்தான். அவன் யோசித்த போதெல்லாம் அருள்பாண்டிக்குக் கெடுதல்தான் வந்திருக்கிறது, இருந்தாலும் காத்திருந்தான். "தட்டுல வச்சுக் குடு. வெத்தல பாக்கு, வாழப்பழம், நடுவுல கவரு. தட்டுல வச்சா அது லஞ்சம் இல்லலே, மரியாதை" என்று தீர்ப்பு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தலையில் எண்ணெயும் இடுப்பில் லுங்கியுமாக அருள்பாண்டி மாடியில் நிற்கும்போது கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் பேனா, அக்குளில் ஒரு ரெக்சின் பை. கேட்டைத் திறந்து உள்ளே வந்தவர் வீட்டைச் சுவர் சுவராகப் பார்த்தார். அரசாங்கம் என்று அவர் நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"இங்க அருள்பாண்டின்னு ஒரு பையன் இருக்காராமே, அவரைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்."

"வாங்க சார், வாங்க. உங்களத்தான் எதிர்பாத்துகினு கீறோம்" என்று கனகம் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"பையன் எப்படி?"

"சொக்கத் தங்கம் சார். இந்த வூட்ல எத்தினி பேச்சிலருங்க இருந்துட்டுப் போய்க்கிறாங்க, இந்த மாதிரி ஒண்ணப் பாத்ததில்ல. கம்பெனில மேனேஜரு. இவன் போயி பட்டனத் தட்டுனாத்தான் அங்க ரோபோவெல்லாம் கையத் தூக்கும்."

அருள்பாண்டி மாடிப்படியில் இரண்டு படி இறங்கி நின்றான்.

"கோவதாபம் உண்டா?"

"கோவமா? இவனா? கொசு கடிச்சாகூட அடிக்க மாட்டான் சார், ஊதித்தான் வுடுவான்."

"தண்ணி, சிகரெட்?"

"சோடாகூட குடிக்க மாட்டான். ஊர்ல இவங்களுக்கு வாழத்தோப்பு எம்மாம் பெரிசு தெரியுமா? இந்தக் கோடில நின்னா அந்தக் கோடி தெரியாது."

அலுவலரிடம் பொய் சொல்லாதே என்று வக்கீல் சொன்னது நினைவுக்கு வந்தது. இங்கே வீட்டுக்கார அம்மாள் மூட்டை மூட்டையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதுவும் அவன் கேட்டுக்கொண்டதால். எண்ணெய்த் தலையோடு இறங்கி ஓடினான்.

"சார், அந்தக்கா சொல்றத எதையும் நம்பாதீங்க. நான் மேனேஜர் இல்ல. ஆப்பரேட்டர். அதுவும் காண்ட்ராக்ட். தோப்பு எங்களுது இல்ல, எங்க அப்பா அதுல காவலுக்கு இருந்தாரு."

கனகம் அவனைக் கண்ணாலேயே எரித்தாள். "சார், பையனுக்கு ரொம்ப அடக்கம்" என்றாள் வந்தவரிடம்.

வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார். "தம்பி உக்காருங்க. நின்னுக்கிட்டே இருந்தா எப்படிப் பேச? என் பேரு கோமதிநாயகம். எனக்கும் பூர்வீகம் உங்க பக்கந்தான், இப்ப குன்றத்தூர்ல இருக்கேன்."

ஊர்ப்பேச்சைக் கேட்டதும் அருள்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அரசாங்கம் தன் ஊர்க்காரராகப் பார்த்து அனுப்பியிருக்கிறதே என்று நெஞ்சு நெகிழ்ந்தது. அந்த நெகிழ்ச்சியில் மீதியும் கொட்டிப் போயிற்று.

"கோவமும் வரும் சார். பசிச்சா வரும். அதான் உங்களுக்கே தெரியுமே, அந்தப் பரோட்டா கடை விஷயம்."

"எந்தப் பரோட்டா கடை?"

சோதிக்கிறார் என்று அருள்பாண்டிக்குப் புரிந்தது. அவன் வாயாலேயே வரவழைத்து, ஃபைலில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். ஒன்று விடாமல் சொன்னான். கேட்டது, கொடுத்தது, மறுபடி கேட்டது, வாளி, தையல், கோர்ட், பத்திரம். கனகம் நடுவில் இரண்டு முறை இருமினாள், ஒரு முறை அவன் காலை மிதித்தாள். அவன் நிறுத்தவில்லை.

கோமதிநாயகம் கண்ணாடியை மறுபடி கழற்றி மாட்டினார். பிறகு, "சால்னாவுக்கா?" என்றார்.

"ஆமா சார்."

"இத நீங்களா சொல்லாட்டா எனக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது."

ஃபைலைக்கூடப் படிக்காமல் வந்திருக்கிறாரே, பாவம் எத்தனை வேலையோ என்று அருள்பாண்டி இரக்கப்பட்டான். அந்த இரக்கம் அடுத்த பேச்சோடு போய்விட்டது.

"சரி. கம்பெனிலயும் ஒரு வார்த்தை கேட்டுட்டா எனக்குத் திருப்தி. எச்.ஆர்ல எனக்கு வேண்டியவர் ஒருத்தர் இருக்காரு."

அருள்பாண்டி தடாலென்று அவர் காலில் விழுந்தான். "சார், கம்பெனிக்கு மட்டும் போகாதீங்க. வேலை போச்சுன்னா நான் அவ்வளவுதான். ஒரு வருசம் கோவமே பட மாட்டேன். பரோட்டா கடைப் பக்கமே போறதில்ல. தோசைதான் சாப்புடுதேன்."

"எந்திரிங்க தம்பி, எந்திரிங்க. நல்லா இருங்க." கோமதிநாயகம் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார். "கம்பெனிக்குப் போகல, போதுமா? இதுக்கு மேல அவங்க என்ன சொல்லிரப் போறாங்க?"

இந்த இடத்தில் அந்தோணிராஜ் தட்டோடு வந்து சேர்ந்தான். வரவே கூடாத நேரத்தில் வந்துவிட்டோம் என்பது அவனுக்குக் கடைசிப் படியில்தான் தெரிந்தது. திரும்பவும் வழியில்லை. எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், நடுவே கவர். அருள்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி இரண்டு கையாலும் நீட்டினான்.

கனகம் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"இது என்ன தம்பி?"

"வழக்கமா செய்யறது சார். மாசாமாசம் குடுத்துருதேன்."

கோமதிநாயகம் கவரைத் திறந்து பார்த்தார். மூடினார். அருள்பாண்டியின் சட்டை போடாத தோளை ஒரு தரம் பார்த்தார். கவரை அவன் கையிலேயே திருப்பி வைத்தார்.

"காசு வாங்குற பழக்கம் என்கிட்ட கிடையாது. குடுக்கிற பழக்கமும் கிடையாது, அதையும் இப்பவே சொல்லிருதேன். வெத்தல பாக்க மட்டும் வேண்டாம்னு சொல்லக் கூடாது." தட்டை வாங்கி, வெற்றிலை பாக்கையும் பழத்தையும் ரெக்சின் பையில் வைத்துக்கொண்டு, வெறும் தட்டைக் கனகத்திடம் கொடுத்தார். "நான் கலந்து பேசிட்டுச் சொல்லுதேன்."

இப்படி ஒரு நேர்மையான அதிகாரியா என்று நண்பர்கள் இருவரும் அவர் தெருமுனை திரும்பும் வரை கைகூப்பி நின்றார்கள்.

கேட் சாத்தியதும் கனகம் திரும்பினாள். அருள்பாண்டி வீட்டைக் காலி செய்யத் தயாராகவே நின்றான்.

"ஏன்டா, கூறு கீதா உனக்கு? தானா வந்த எடம். நான் கோபுரம் கட்டிகினே போறேன், நீ பின்னாலயே இடிச்சிகினு வர்ற."

"அக்கா, கேசு..."

"கேசாவது ஒண்ணாவது. நெலத் தகராறுல எங்க வூட்டுக்காரரு மேலயே கேசு கீது. மாசாமாசம் கோர்ட்டுக்குப் போயி கையெழுத்துப் போட்டுகினுதான் கீறாரு. போலீசு வூட்டுக்குள்ள வரக் கூடாதுன்னுதான் சொன்னேன், நாம கோர்ட்டுக்குப் போவக் கூடாதுன்னா சொன்னேன்? வந்த ஆளப் பயமுறுத்தி அனுப்பிட்டியே, அதான் என் வயித்தெரிச்சல்."

வீடு பிழைத்தது. அருள்பாண்டி மாடியேறிப் போய்ப் பாயில் விழுந்து, ஒரு பாரம் குறைந்ததை நினைத்துச் சிரித்தான். மற்ற பாரம் அப்படியே இருந்தது. கலந்து பேசப்போவது மாஜிஸ்திரேட்டோடு. என்ன பேசுவாரோ?

அந்த வாரம் முழுக்க அவன் முடுக்கிய நட்டுகளில் பாதியை அடுத்த ஆள் மறுபடி முடுக்க வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் திட்டினார். "சரிங்க சார்" என்றான். கேன்டீனில் ஒருவன் அவன் காலை மிதித்துக்கொண்டு போனான். "பரவால்லண்ணே" என்றான். கோபம் வரும்போதெல்லாம் கோமதிநாயகத்தின் கண்ணாடியை நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை களக்காட்டிலிருந்து அம்மா சொர்ணம்மாள் பேசினாள்.

"ஏல, ஒரு ஆளு வந்து உன்னைய விசாரிச்சிட்டுப் போனாராமே?"

அம்மா வரைக்கும் போய்விட்டார்கள். பெற்றவளுக்குத் தெரியக் கூடாது என்று எத்தனை கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருப்பான்.

"அம்மா, உனக்கு என் மேல வருத்தம் இல்லையே?"

"இதுல வருத்தப்பட என்னல இருக்கு? எல்லா வீட்டுலயும் நடக்குறதுதான. உங்க அப்பாவப் பத்தியும் இப்படித்தான் ஆள் வந்து ஊரெல்லாம் விசாரிச்சாவ."

"அப்பாவையுமா?"

"பின்ன? உன் தாத்தனையும்தான். நீ கவலப்படாம ஒழுங்கா சாப்புடு."

தன் குடும்பம் பரம்பரையாகவே கண்காணிப்பில் இருந்துவந்திருக்கிறது என்பது அவனுக்குப் புதுச் செய்தி. அப்பா யாரை அடித்தார் என்று கேட்க வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டான். அம்மாவுக்குக் கோபமில்லை. அது போதும். பல நாளுக்குப் பிறகு அன்றைக்கு அவனுக்குச் சோறு ருசித்தது.

சனிக்கிழமை மத்தியானம் போன் மறுபடி அடித்தது. "தம்பி, நான் கோமதிநாயகம் பேசுதேன்."

அருள்பாண்டி எழுந்து நின்றான். அந்தோணிராஜும் எழுந்து நின்றான்.

"எல்லாம் கலந்து பேசியாச்சு. எங்களுக்குப் பூரண திருப்தி. நான் இதுவரைக்கும் எத்தனையோ பையனப் பாத்திருக்கேன். எல்லாரும் தன்னப்போல உத்தமன் உண்டான்னுதான் சொல்லுவானுவ. ஒருத்தனும் தன் தப்ப வாயத் தொறந்து சொன்னதில்ல. முடிவு சொல்ல வேண்டியவங்களும் முழுசா கேட்டுட்டாங்க. சால்னா விஷயத்தக் கேட்டு ரொம்ப நேரம் சிரிச்சாங்க. சரின்னுட்டாங்க."

கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் மாஜிஸ்திரேட் அம்மா சிரிக்கிற காட்சியை அருள்பாண்டியால் கற்பனை செய்ய முடியவில்லை. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அப்ப எனக்கு இனி ஒண்ணும் ஆகாதுல்ல சார்?"

"ஒண்ணும் ஆகாது. நாங்கதான் இருக்கோம்லா. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான, குன்றத்தூருக்கு வாங்க, நேர்ல ஒரு தடவ பாத்துட்டா அவங்களுக்கும் திருப்தியா இருக்கும். நல்ல சட்டையா போட்டுட்டு வாங்க, என்ன."

போனை வைத்ததும் அருள்பாண்டி அந்தோணிராஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அந்தோணிராஜும் அழுதான், பிறகு, தட்டில் வைத்துக் கொடுத்ததால்தான் காரியம் கைகூடியது என்பதை நினைவுபடுத்தினான். இருவரும் கடைக்குப் போய் அல்வா வாங்கினார்கள். வழியெல்லாம் அருள்பாண்டிக்கு எல்லாமே நன்றாகத் தெரிந்தது. லாரிகள் கிளப்பிய புழுதிகூட நன்றாகத்தான் இருந்தது. கூண்டில் ஏற வேண்டாம், வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, அம்மாவுக்கு வருத்தமில்லை, சட்டத்தில் தனக்கென்று ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரே ஒரு உறுத்தல் மிச்சம் இருந்தது. கனகத்திடம் சொன்ன பொய். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் நல்லதுதான் நடக்கிறது என்று இப்போது கையில் ஆதாரமே இருக்கிறதே. பெண் வீடு என்று யாரும் இல்லை, வந்தவர் கோர்ட் ஆள்தான் என்று கனகத்திடம் சொல்லிவிட வேண்டும், அல்வாவை முதலில் கொடுத்துவிட்டு. பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் திரும்பினான்.

கேட்டுக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தலையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் நின்றிருந்தாள். கனகம் கேட்டைத் திறக்காமல் உள்ளிருந்தே பேசிக்கொண்டிருந்தாள்.

"அருள்பாண்டி இங்கதானே தங்கியிருக்காரு? அவரைப் பத்தி உங்ககிட்ட கொஞ்சம் கேக்கணும்" என்றாள் வந்தவள்.

"இன்னா கேக்கணும்?"

"எப்படிப்பட்டவரு, குடிப்பாரா, நேரத்துக்கு வீட்டுக்கு வந்துடறாரா, யார்கூட பழகறாரு, இதெல்லாம்தான்."

கனகம் சிரித்துவிட்டாள். "வேற எடம் பாத்துக்கம்மா. போன ஞாயித்துக்கெழமயே குன்றத்தூர்காரரு வந்து, எல்லாத்தையும் கேட்டு, வெத்தல பாக்கையும் வாங்கிகினு போய்ட்டாரு. பையனோட அம்மா அட்ரஸ் குடுத்துதான் வந்தாராம், அவங்ககிட்டயும் பேசி முடிச்சாச்சுன்னு அவரே போன்ல சொன்னாரு. நீ லேட்டு."

அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியின் மேல் வைத்தாள்.

"நான் மாப்பிள்ளை பாக்க வரலம்மா. என் பேரு மெர்சி. கோர்ட்டு உத்தரவுப்படி இந்தப் பையனுக்கு நன்னடத்தை அலுவலர் நான்தான், இன்னிக்குத்தான் முதல் தடவையா வர்றேன்."